செவ்வாய்க்கிழமை பெஞ்சு

மருத்துவமனை வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்தார்கள். பதிவு செய்த அரை மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கலாம் என்று மேலே வாக்குறுதி. கீழே, ஒவ்வொரு கிளினிக்கும் போன மாதம் அந்த வாக்கை நூற்றுக்கு எத்தனை பேரிடம் காப்பாற்றியது என்ற கணக்கு. தொண்ணூற்று நாலாம் ஆண்டில் அது புதுமை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள்.

கடைசியில் நின்றது செவ்வாய்க்கிழமை நீரிழிவு கிளினிக். நூற்றுக்கு நாற்பது. அங்கே பதிவு மேசையில் இருந்த அருந்ததிக்கு வாசல் வழியாக வரவே கூச்சமாகிவிட்டது.

மேற்பார்வையாளர் ரொஸ்னா மலாய் மொழியில் சொன்னார்: “இந்த மாசமும் இப்படின்னா, செவ்வாய்க் கூட்டத்த அஞ்சு நாளைக்கும் பிரிச்சிப் போட்டுருவாங்க. பேசாம, வந்த உடனே கார்ட்டுல நேரம் குத்தாத. கூப்பிடறப்ப குத்து.”

“அப்ப நெஜமாவே காத்துக் கெடக்கிறவங்க கணக்குலயே வரமாட்டாங்களே, புவான்” என்று மரியாதையாகவே மறுத்தாள் அருந்ததி.

அப்படிப் பொய் நேரம் குத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் ஒன்று புரியவில்லை. டாக்டர்களின் அறைகள் பாதி நேரம் காலியாகத்தானே இருக்கின்றன? அடுத்த செவ்வாய், மேசையைத் தோழியிடம் விட்டுவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தாதி கூப்பிட்டாள்: “பிச்சைமுத்து!”

பிச்சைமுத்து அசையவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “நல்லம்மா, நீ போ” என்றார்.

“நான் ஏண்ணே? பீவிய அனுப்பு.”

“நல்லாருக்கே! என் மருமவ கதைய பாதியில விட்டுட்டா?” என்றாள் ஹபீபா பீவி. “சீனக் கெழவர் ஒருத்தர் பின்னால இருக்காரு பாரு, அவர போகச் சொல்லு.”

அந்தக் கிழவரும் சிரித்தபடி கையை ஆட்டி மறுத்தார். தாதி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அருந்ததிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “ஐயா, கூப்பிட்டா போகக் கூடாதா?”

“பைராம் தோட்டத்துல முப்பது வருசம், விடியக்காலையில பெரட்டுல ஆளெடுப்புக்குப் பேர் கூப்பிட்டதும் ஓடி நின்னவன்மா நான்” என்றார் பிச்சைமுத்து. “இங்கதான் ‘கொஞ்சம் பொறு’ன்னு சொல்ல முடியுது. அதுல ஒரு சொகம் இருக்கு லா.”

“தோட்டத்த விட்டு வந்தாச்சு. பிள்ளைங்க வேல பாயான் பாரு டவுனுல. நாங்களும் ஆளுக்கொரு மாடி வீட்டுல அடைஞ்சு கெடக்கோம்” என்றாள் நல்லம்மாள். அந்தத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மனைவிதான் ஹபீபா பீவி. மூவரும் சந்திப்பது இந்தப் பெஞ்சில் மட்டும்தான்.

அருந்ததி பலகையைப் பற்றிச் சொன்னாள். கூட்டத்தை அஞ்சு நாளாகப் பிரிக்கப் போவதையும் சொன்னாள்.

மருமகள் கதை பாதியில் நின்றது.

“எங்களப் பிரிக்கவா?” என்றாள் ஹபீபா பீவி.

“நீங்க டாக்டரப் பாத்துட்டு வந்து பேசினா யாரு தடுக்கப் போறா?” என்றாள் அருந்ததி.

பிச்சைமுத்து மோவாயைத் தடவினார். “இது நமக்குத் தோணாமப் போச்சே!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தவர், மறுபடி கூப்பிடாமலே டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் பெயரின் முதல் எழுத்து வாயிலிருந்து விழுவதற்குள் உரியவர் கதவருகே நின்றார். “மெதுவா, மெதுவா, விழுந்திடாதீங்க” என்று தாதி கெஞ்ச வேண்டியிருந்தது. அருந்ததி வந்தவுடனே நேரம் குத்தினாள், ஒரு நிமிடமும் கூட்டாமல் குறைக்காமல்.

அடுத்த மாத முதல் நாளும் செவ்வாய்க்கிழமைதான். அன்று ரொஸ்னாவே பலகையில் எழுதினார்: நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அந்த மருத்துவமனையிலேயே முதல் இடம். எழுதிவிட்டு உள்ளே வந்தவர் திகைத்து நின்றார். நண்பகலாகியும் பெஞ்சுகளில் இடமில்லை.

“இவ்வளவு பேர் இன்னும் காத்திருக்காங்களா?”

“எல்லாரும் பாத்து முடிச்சவங்க, புவான்.”

“பின்னே வீட்டுக்குப் போகாம?”

பதிலுக்கு ஹபீபா பீவி, சர்க்கரையில்லாத தேநீர் ஒரு கோப்பையை ரொஸ்னாவின் கையில் திணித்து, பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ரொஸ்னா உட்கார்ந்தார். மருமகள் கதை மலாயில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

பிச்சைமுத்து அருந்ததியின் மேசைக்கு வந்தார். “ஏம்மா, இந்த மாசம் பலகையில கடைசி யாரு?”

“கண் கிளினிக், ஐயா.”

“எந்தக் கெழம?”

“வியாழன்.”

பெஞ்சைத் திரும்பிப் பார்த்து உரக்கக் கத்தினார்: “நல்லம்மா! ஒனக்கு கண்ணு மங்கலா இருக்குன்னியே. இனி வியாழக்கெழமயும் வரியா?”