பூசைக்கு அணைந்த சர்வர்

காஜா பேராங்கில் கமலவேணியின் வீட்டு முன்னறைதான் அவளுடைய ஆபீஸ். பதினொரு கடைகளின் இணையத்தளங்கள் அங்கேதான் ஓடுகின்றன என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. ஓடுவது என்னவோ தொலைவிலுள்ள சைபர்ஜெயா நகரில், அவள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில். பழைய நோஞ்சான் சர்வரைக் கைகழுவிவிட்டு, மெர்டேக்கா சுதந்திர தினத்தன்றுதான் இந்த ராட்சசப் பெட்டிக்கு மாறியிருந்தாள். எல்லாம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் ருக்மணி அக்காவை நம்பித்தான். அக்கா வாயால் ‘நல்லாயிருக்கு’ என்று வந்துவிட்டால் தெருவே பின்னால் வரும். “என் கடைத் தளம் ஒருநாள் படுத்தாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்றும் முதல் நாளே சொல்லிவிட்டாள், புண்ணியவதி!

ஆயுத பூசை வந்தது. கமலவேணி லேப்டாப்பைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சாத்தினாள். பூசை முடியும்வரை கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா? கட்டளையைத் தட்டி அணைத்தாள். லேப்டாப் அணையவில்லை, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. திரையை உற்றுப் பார்த்தாள். அடிப்பாவி! தட்டியது சர்வரோடு இணைந்திருந்த விண்டோவில். பதினொரு தளங்களும் போச்சு. இங்கிருந்து அணைக்கத்தான் முடியும். எழுப்புவதென்றால் அங்கே ஒருவர் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

சர்வர் கூடத்தில் வேலை பார்க்கும் ஜெயபாலனுக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

“பூசைக்கு அணைச்சீங்களாம்மா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார் மனுஷன். ஆனாலும் ஓடிப்போய் அழுத்தினார். கால் மணி நேரத்தில் எல்லாத் தளங்களும் எழுந்துவிட்டன.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ருக்மணி அக்காவின் அழைப்பு.

“ஏன்டி, நான் சொல்லாமலே பூசைக்கு என் தளத்தையும் மூடிட்டியே! என்ன பக்தின்னு பக்கத்துக் கடைக்காரர்கிட்ட பெருமையடிச்சிக்கிட்டிருக்கேன்.”

‘ஆமாம் அக்கா’ என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டா சொல்வது? நடந்ததைப் படபடவென்று கொட்டிவிட்டாள்.

தெருவே கைவிட்டுப் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“உன் மிஷின் எழுந்திருச்சிருச்சா?” என்றாள் அக்கா.

“எழுந்திருச்சிருச்சு அக்கா.”

“அப்போ நீ தேவலை. பொட்டு வைக்கிறேன்னு கல்லா மிஷினுக்குள்ளே சந்தனத்தை ஊத்திட்டு உட்கார்ந்திருக்கேன், அது எழுந்திரிக்கவே மாட்டேங்குது. சாயங்காலம் சுண்டல் சாப்பிட வா. பக்கத்துக் கடைக்காரருக்கும் தளம் போடணுமாம்.”