ஏலம் கேட்காத ஊர்

மாட்டைப் பற்றி என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வேன். நடையைப் பார்த்து எத்தனை மூட்டை தாங்கும் என்று சொல்வேன். மலைத்தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டை இறக்கும் பொதிமாடு இரண்டு வைத்துப் பிழைத்தவன் இந்த முஹைதீன். அந்த அறிவோடு நின்றிருக்கலாம். ஊருக்கே சட்டம் சொல்லப் போனேன். என் கூடப்பிறந்த அக்கா, ஆஸியா ராத்தாவின் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டேன்.

எங்கள் ஊர் திகனைக்குப் பக்கத்தில். நாற்பது வீடு, ஒரு பள்ளி, வீட்டுக்கு வீடு கொஞ்சம் கோப்பி. ராத்தாவிடம் ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருந்தது. ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் வேறொரு துண்டில் அவளுடைய வீடு. மச்சான் காய்ச்சலில் மௌத்தான பிறகு அந்தத் தோட்டத்தை அவள் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். பழம் பறிப்பாள், காய வைப்பாள், உரலில் இடிப்பாள். என்னிடம் ஒரு சதம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை. கண்டி டவுனில் கோப்பிக் கடை வைத்திருந்த மஹ்மூத் முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

"வட்டி ஹராம், தங்கச்சி. நான் வட்டி வாங்குற ஆளில்ல" என்றாராம் அவர். "கோப்பிக்கு முன்பணம் தாறேன். அறுவடைல கோப்பியாத் தாங்க."

சந்தை விலையில் பாதிதான் அவர் போட்ட விலை. இந்த வருஷம் ஒரு புசல் கோப்பி குறைந்தால் வரும் வருஷம் இரண்டாகத் தர வேண்டும். வட்டி என்ற பெயர் மட்டும்தான் அதில் இல்லை. அதன் பிள்ளை குட்டி எல்லாம் இருந்தது. ராத்தா கைநாட்டு வைத்தாள். அந்த வருஷமே இலைநோய் வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் பொடி. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். மூன்று வருஷத்தில் மரங்கள் மொட்டையாகின, அவள் வாங்கிய ஐம்பது ரூபாய் கடன் நூற்றைம்பதாகியது. முதலாளி கோர்ட்டுக்குப் போனார். தோட்டத்தை கோர்ட்டு அதிகாரி பிஸ்கால் ஐயா ஏலத்தில் விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

ராத்தா மட்டும் என்றால் ஊர் ஒருவேளை 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். இன்னும் ஏழு வீடு அதே முதலாளியிடம் கைநாட்டு வைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"மாட்டுச் சந்தைல கேட்பாரில்லாத மாடு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்குத்தான் திரும்பும்" என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"காணியும் அப்படித்தான். ஏலத்தில ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. கேக்க ஆளில்லாட்டி பிஸ்கால் ஐயா யாருக்கு விப்பாரு? அவர்ட தலைக்கா? இன்டைக்கு எங்கட ராத்தா, நாளைக்கு நீங்க. யாராவது கேட்டா அவருக்கு ஸலாமும் இல்ல, பதில் ஸலாமும் இல்ல. கலியாணத்துக்கும் மௌத்துக்கும் ஒருத்தரும் போறதில்ல."

நாற்பது வீடும் சத்தியம் செய்தது. பள்ளி லெப்பை கையேந்தி துஆ ஓதினார். பெண்களும் வீடுகளில் அதே வாக்கைக் கொடுத்ததாகப் பக்கத்து வீட்டு ரபீகா வந்து சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. ராத்தா அழுதாள். "எனக்கு இவ்வளவு சனம் இரிக்குன்டு தெரியாமப் போச்சே தம்பி" என்றாள்.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மயில்வாகனம் என்னை மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஒரு கோப்பி ஸ்டோரில் கிளாக்கர். என் மூட்டைகளை எடை போடுபவர் அவர்தான்.

"உங்கட அக்காட காணி ஏலத்துக்கு வருதாம். கோப்பி போனாலும் மண் நல்ல மண், கொக்கோ வைக்கலாம். நான் இருநூறு வரைக்கும் கேக்கலாம் எண்டிருக்கிறன். அது அக்காவுக்கும்…"

நான் அவரை முடிக்க விடவில்லை. "ஐயா, பாலத்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. அந்தப் பக்கம் வந்தா எங்கட ஊர்ல தண்ணி கூடக் கெடைக்காது" என்றேன், சிரித்துக்கொண்டே.

"சரி, ஊருக்கு விருப்பமில்லையெண்டால் நான் வரேல்லை" என்றார். மரியாதையான மனிதர், சொன்னபடியே வரவில்லை.

ஏல நாள் தோட்டத்தில் தம்பட்டம் அடித்தார்கள். ஊர் முழுக்க வந்து நின்றது, ஆனால் ஒரு சத்தமில்லை. பிஸ்காலின் ஆள் ஒரு தரம் கூப்பிட்டார், இரண்டு தரம் கூப்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அப்போது மஹ்மூத் முதலாளி குடையை மடக்கிவிட்டு, "பத்து ரூபா" என்றார்.

கடன் கொடுத்தவரே ஏலம் கேட்கலாம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சந்தைக்கு மாட்டைக் கொண்டுவந்தவனே அந்த மாட்டை விலை கேட்பதை நான் கண்டதில்லை. கோர்ட்டில் அனுமதி வாங்கி வந்திருக்கிறாராம், காகிதத்தைக் காட்டினார்கள். மூன்றாம் தரம் கூப்பிட்டுத் தோட்டத்தை அவருக்கு முடித்தார்கள். ஒன்றரை ஏக்கரும் பத்து ரூபாய்க்குப் போனது. ஊரின் எட்டுக் கைநாட்டையும் அவிழ்க்க நினைத்த என் மூளை அவருக்கு அந்த நல்ல மண்ணைச் சும்மா அள்ளிக் கொடுத்தது.

அதோடு முடியவில்லை. பத்து ரூபாய்தான் கடனில் கழிந்தது. மிச்சம் நூற்று நாற்பதுக்கு ராத்தாவின் வீட்டை ஏலம் போடக் காகிதம் ஒட்டினார்கள்.

நான் மயில்வாகனத்திடம் ஓடினேன். அவர் தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"ஏலத்தில எவ்வளவு விழுதோ அவ்வளவுதான் கடனில கழியும், முஹைதீன். நான் இருநூறு கேட்டிருந்தால் கடனும் தீர்ந்து, ஐம்பது ரூபா அக்காட கையிலயும் வந்திருக்கும். வீட்டில ஒருத்தரும் கை வைச்சிருக்கேலாது. அண்டைக்கு அதைத்தான் சொல்ல வந்தனான்."

"இப்ப ஊட்டையாவது கேளுங்க ஐயா" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"வேற காணிக்கு முற்பணம் குடுத்திட்டன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வீடு வீடாகப் போனேன். கேளுங்கள், யாராவது கேளுங்கள், விலை ஏறினால்தான் கடன் இறங்கும் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. நேற்றுவரை கேட்காதே என்றவன் இன்றைக்குக் கேள் என்றால் யார் நம்புவார்கள்? முதலாளி எனக்குக் காசு கொடுத்துவிட்டார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். லெப்பை மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பள்ளில செஞ்ச சத்தியம், மகன். ஒங்கட ராத்தாவுக்காகத்தான் செஞ்சோம். அத எப்படி முறிக்கிற?" என்றார். அவரை எப்படிக் கோபிப்பது? நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

ராத்தாவிடமும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "சனம் என்னோட இரிக்கு தம்பி. நீ பயப்படாத" என்றாள்.

அந்த வாரம் இரண்டு மாட்டையும் விற்றேன். அவசரத்துக்கு விற்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும்? ஐம்பத்தைந்து ரூபாய் கிடைத்தது.

வீட்டு ஏலத்தன்றும் ஊர் வந்தது. மழை தூறியும் ஒருவரும் கலையவில்லை. தோட்டம் போன வேதனையில் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி, "அஞ்சு ரூபா" என்றார்.

"முப்பது" என்றேன் நான்.

நாற்பது வீட்டுச் சனமும் என் பக்கம் திரும்பியது. முதலாளி முப்பத்தைந்து என்றார். நான் நாற்பது என்றேன். அவர் நாற்பத்தைந்து என்றார். நான் மடியில் இருந்த அவ்வளவையும், ஐம்பத்தைந்தையும் சொன்னேன். அவர் அறுபது என்றார். என்னிடம் அதற்கு மேல் ஒரு சதமில்லை. "பத்து ரூபா யாராவது தாங்க, அல்லாவுக்காகத் தாங்க" என்று கத்தினேன். முன்னால் நின்ற ஆள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பக்கத்தில் நின்றவரும் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பினார்கள்.

வீடு அறுபதுக்குப் போனது. ராத்தா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"ஊர்ல ஒருத்தரும் கேக்கல்ல" என்றாள். "ஒரு பிறத்தியான் கூடக் கேக்கல்ல. நீ கேட்டியா தம்பி?"

"வெலைய ஏத்தத்தான் ராத்தா…"

"என்ட ஊட்டுக்கா வெல பேசின?"

என் வீட்டுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. பாயையும் இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டு ரபீகா வீட்டுக்குப் போனாள். கடனில் இன்னும் நின்ற எண்பதுக்கு மாட்டுக் காசை முதலாளியிடம் கட்டினேன். மிச்சம் இருபத்தைந்தை என் பெயரில் எழுதிக்கொண்டார். இப்போது மாடில்லாமல் என் தோளிலேயே மூட்டை இறக்குகிறேன்.

ஊர் எனக்கு ஸலாம் சொல்வதில்லை. நான் சொன்னால் பதிலும் வராது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். ஆனாலும் தினமும் மூட்டையோடு ரபீகா வீட்டைக் கடக்கும்போது நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா" என்று சொல்கிறேன். அவள் முறத்தை மடியில் வைத்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளும் ஊரோடு சேர்ந்து வாக்குக் கொடுத்தவள். நேற்று முகத்தைத் திருப்பிய பிறகு அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பதில் ஸலாம் முழுவதையும் அவள் எனக்குச் சத்தமில்லாமல் சொல்லி முடிக்கும்வரை, மூட்டையை இறக்காமல் நின்றேன்.