நடுவில் நிற்கும் பாட்டு

டெல்ஃபினுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. "ஆமாம், பாடினது நான்தான்" என்று அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும்.

கிழவி லேசில் சொல்லிவிடுவாளா என்ன! டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் ரோஸெல்லாவைத் தெரியாதவர்கள் இல்லை. காலஞ்சென்ற போதகர் லூஷியஸின் மனைவி. தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தால் இப்போதைய போதகருக்கே நா வறண்டுவிடும். சபைப் பாட்டைத் தவிர வேறு பாட்டு தன் வாயில் வந்ததே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். மதுக்கடை மேடையில் ஒரே ஒரு ராத்திரி பாடிய குற்றத்துக்காக, பெற்ற மகளைப் பாடகர் குழுவிலிருந்து துரத்தியவளும் அவளேதான். டெல்ஃபின் அன்று மூடிய வாய்தான். அறுபதை நெருங்கும் இந்த வயதில் அவள் குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை.

போன வாரம் இசைத்தட்டு வியாபாரி ஓக்லி அவளைக் கடைக்குக் கூப்பிட்டு சபைக்கு ஆகாத பழைய 'சோல்' வகைப் பாட்டு ஒன்றைப் போட்டான். தட்டில் வயலா ஃப்ராஸ்ட் என்று அச்சிட்டிருந்தது. அப்படி ஒருத்தியை யாருமே பார்த்ததில்லையாம், உலகத்தில் இந்த ஒரு தட்டுதான் மிச்சமாம். லூஷியஸ் போதித்த பழைய சர்ச்சை இடித்தபோது அதன் பிரசங்க பீடத்தை அவன் விலைக்கு வாங்கியிருந்தான். பீடத்துக்குள் பூட்டிக் கிடந்த சிறிய அறையில் இது இருந்ததாம். "யாரோ ஓயாம கேட்டிருக்காங்க, எப்படித் தேய்ஞ்சிருக்கு பாருங்க," என்று அங்கலாய்த்தான்.

வயலாவாவது, ஃப்ராஸ்டாவது! இரண்டாவது வரியிலேயே டெல்ஃபின் கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளின் குரல் தெரியாதா? அடி கள்ளி, பிரசங்க பீடத்திலா ஒளித்து வைத்தாய்!

திடீரென்று வாத்தியங்கள் நின்றன. முடிந்ததென்று டெல்ஃபின் முள்ளை எடுக்கப் போனாள்.

"இருங்க, இருங்க. எல்லாருமே இங்கதான் ஏமாறுறாங்க," என்று ஓக்லி சிரித்தான்.

நீண்ட மௌனத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன்னந்தனியாக, கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. டெல்ஃபின் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டாள். பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை சமையலறையில் அம்மா பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பன்றி எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. டெல்ஃபின் ஒன்றும் தெரியாதவள்போலப் பாட்டைப் போட்டுவிட்டாள்.

"என்னடி கருமம் இது?"

"எவளோ பாடுறா. சும்மா கேளேன்."

"பாட்டா? கத்துறா."

வாத்தியங்கள் நின்றன. வேறு யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கிழவி பார்க்கவில்லை. அவள் தோள் மெல்ல உயர்ந்தது, நெஞ்சு நிறைய மூச்சு ஏறியது. சரியாக அந்தக் கணத்தில் கைப்பேசியிலிருந்து குரல் எழுந்தது.

"மாட்டிக்கிட்டியா!" டெல்ஃபின் மேசையைத் தட்டினாள்.

"உளறாத."

"பாட்டு இன்னும் முடியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? எதுக்கு மூச்சை இழுத்த?"

"பெத்தவளுக்கே பொறி வைக்கிறியாடி?"

"இத்தனை வருஷமா என் வாயைக் கட்டிப்போட்டியே, அதுக்கு என்ன பேரு?" டெல்ஃபினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்தாள்.

"ஆமாண்டி, நான்தான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி. பேரை மாத்திப் போட்டா யாருக்கும் தெரியாதுன்னாங்க. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தட்டு மொத்தத்தையும் கொல்லையில கொட்டி, சுத்தியலை என் கையில குடுத்தாரு. பிசாசோட பாட்டு, நீயே உடைன்னாரு. உடைச்சேன். அந்தச் சுத்தியலை நீயும் தூக்க வேண்டாம்னுதான் உன்னை முதல்லயே தடுத்தேன்."

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா!" என்றாள் டெல்ஃபின். சந்தேகம் இன்னும் விட்டபாடில்லை. "அப்புறம் எதுக்கு ஒண்ணை மட்டும் ஒளிச்சு வெச்சுக் கேட்ட?"

"நானா? ஒண்ணு விடாம உடைச்சேன்டி. இது எங்க கிடைச்சுது?"

"அப்பாவோட பிரசங்க பீடத்துல. பூட்டின அறையில. கேட்டுக் கேட்டுத் தேய்ஞ்சு கிடக்கு. சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

அம்மாவின் முகம் மாறியது.

"அந்தச் சாவியை அவரு யாரையும் தொடவே விட்டதில்ல. கடிகாரச் சங்கிலியில கோத்து வெச்சிருந்தாரு. அதோடதான் புதைச்சோம்."

இருவரும் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார்கள். போதகர் லூஷியஸ் கையில் வேதாகமத்தோடு சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதைத் திருப்பி மாட்டு," என்றாள் அம்மா. குரல் நடுங்கியது. அவ்வளவும் கோபம். "திருட்டுத்தனமா கேட்டது போதும் அந்த மனுஷன்."

டெல்ஃபின் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள்.

"இப்ப முதல்லேருந்து போடு. அந்த நிக்கிற எடத்துல நீ எடு. எனக்கு மூச்சு பத்தாது."

"எனக்குப் பாட்டே மறந்துபோச்சும்மா."

"வாயை மூடிக்கிட்டு வாயைத் தொற," என்று அம்மா அதட்டினாள். சொன்னது என்னவென்று உறைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாட்டு ஓடியது. வாத்தியங்கள் நின்றன. டெல்ஃபின் மூச்சை இழுத்தாள்.