காகிதப்பூவைச் சுரண்டியவர்கள்

1
இந்தக் கதை என் அண்ணியுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அண்ணி தையல் கடையில் வேலை செய்கிறார். உறைபனி விழும் ஊரில், காகிதப்பூச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்காமல், வாசல் மண்ணிலேயே குளிர்காலத்தைத் தாண்டவைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர்.

முதல் வரி: 'பனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல…'

(அடித்துவிட்டேன். பனி உண்மையிலேயே வேருக்குப் போர்வைதான், பனியில்லாத வெறுங்குளிர்தான் கொல்லும் என்று அண்ணி பிறகு சொன்னார். இருந்தாலும் அடித்தது அடித்ததுதான்.)

2
செடி நிற்கும் இடத்தில் கார் நிறுத்தச் சிமெண்ட் போட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. திங்கட்கிழமை கொத்தனார் வருவதற்குள் துளிர்க்காவிட்டால் பிடுங்கிவிடலாம் என்று அண்ணியும் தலையாட்டியிருந்தார்.

அண்ணனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. குளிருக்கு முன் தண்டில் சாக்கு சுற்றியதும், வேரின்மேல் சருகு குவித்ததும் அவர்தான்.

3
குளிர் தணிந்து சாக்கை அவிழ்த்தால் வெறும் குச்சி. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை இருந்தால் உயிர் உண்டு என்று அண்ணி காட்டினார். பச்சை இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சுரண்டல். அவர் மகள் ஒன்று. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், தொழில் புத்தி போகுமா, சாவியால் ஆழமாக ஒன்று. வாரக்கடைசியில் அடித்தண்டைச் சுற்றிப் பட்டையே இல்லை.

"உயிர் இருக்கான்னு பார்த்துப் பார்த்தே உயிரை எடுத்துட்டீங்க" என்றார் அண்ணி. அண்ணன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

4
அண்ணி அழுது…

(இல்லை. அழவில்லை.) செடி வெட்டும் கத்தரியால் காயத்துக்குக் கீழே, மண்ணையொட்டி நறுக்கினார். சருகை மறுபடி மூடினார். இனி வந்தால் வேரிலிருந்துதான்.

5
இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சருகைப் பிளந்துகொண்டு சிவந்த துளிர். மற்றதில் சிமெண்ட், அதன்மேல் கார். இன்று ஞாயிறு. சருகுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எது சரியான முடிவு என்று விலக்கிப் பார்க்கக் குனிந்தேன்.

"தம்பி, கையை எடு" என்றார் அண்ணி, ஜன்னலிலிருந்து. "துளிர் இருந்தா ஒடிஞ்சிடும். இல்லைன்னா உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்."

"நாளைக்குக் கொத்தனார் வருவாரே, அண்ணி?"

"வரட்டும். பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறேன்."

நாற்காலியை நான்தான் தூக்கி வந்து போட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம், வாசகரே. சருகைத் தொடாமல்.