யான்சென் மலையில் இருக்கிறார்

மேலூர்ப் பக்கம் கல் அறுத்து, மெருகேற்றி, வெளிநாட்டுக்கு அனுப்புகிற விருமாண்டிக்கு மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி ஆபீஸ் இருந்தது. அங்கே மின்சாரத்தில் ஓடுகிற எதுவானாலும் தேவிகாதான் பொறுப்பு. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவள், மெயில் போகவில்லை என்றாலும் அவள். மின்விசிறி கிறீச்சிட்டால்கூட, "அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளையக் கூப்பிடு" என்பார்கள். 2004 பொங்கலுக்கு முந்தின மாதம்தான் நாள் முழுக்க நிற்காமல் ஓடும் இன்டர்நெட் லைன் வந்தது. ஆபீசுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வரைத் தேவிகாவே உட்கார்ந்து அமைத்திருந்தாள். தினமும் காலையில் அதைத் துணி வைத்துத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

போகியன்று மத்தியானம் விருமாண்டி அவளைக் கூப்பிட்டார்.

"தாயி, நாளையிலிருந்து நாலு நாளு ஆபீஸ் பூட்டு. வெளிநாட்டுக்காரன் மெயில் போட்டா என்ன ஆகும்?"

"திங்கக்கிழமை வந்து பாப்போம் சார்."

"அதுவரைக்கும் அவன நடுத்தெருவுல நிப்பாட்டுறதா?"

"ஆள் இல்லாதப்ப சர்வரே பதில் போடுற மாதிரி வெச்சிடலாம் சார்."

அப்படி ஒரு வசதி இருப்பது தெரிந்ததும் விருமாண்டிக்கு முகமெல்லாம் பல். அவர் சொல்லச் சொல்லத் தேவிகா ஆங்கிலத்தில் எழுதினாள். 'தங்கள் மடல் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. எங்கள் ஊரில் பொங்கல். திங்கட்கிழமை கட்டாயம் பதில் எழுதுகிறோம். நீங்கள் பொங்கல் சாப்பிட்டீர்களா?'

"கடைசி வரி வேணாம் சார். அவங்களுக்குப் பொங்கல்னா என்னன்னே தெரியாது."

"தெரியலைன்னா கேப்பான்ல? பேச்சு வளரும்ல?"

சரி என்று சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே வந்து நின்றார். திரையில் ஓரிடத்தில் ஏழு என்று இருப்பதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். ஒருத்தருக்கு ஒரு தடவை பதில் போய்விட்டால், ஏழு நாளைக்கு அதே ஆளுக்கு மறுபடி போகாது என்று அவள் விளக்கினாள்.

"இது என்ன மருவாதி? ஒரு மனுசன் நாலு தடவ வந்தா, மொதத் தடவ வாங்கன்னுட்டு மத்த மூணு தடவையும் மூஞ்சியத் திருப்பிக்கிறதா? வர்ற ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் போகணும்."

"அது எதுக்கு வெச்சிருக்காங்கன்னா சார்..."

"ஏன் தாயி, நம்ம மெசினுதான? நாம சொன்னாக் கேக்காதா?"

பரமக்குடியிலிருந்து அக்கா பிள்ளைகளோடு வந்து இறங்கும் நேரம். பஸ்ஸை விட்டால் அடுத்தது கூட்டமாக வரும். தேவிகா ஏழு என்பதை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். மனசு லேசாக உறுத்தியது. ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அந்த உறுத்தலும் போய்விட்டது.

நாலு நாளும் வீடு நிறைய ஆள். வீட்டுப் பேச்சான சௌராஷ்டிர பாஷையில் ஒரே கூச்சலும் சிரிப்புமாகப் போனது. சர்வர் ஞாபகமே வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாடிப்படி ஏறும்போதே பிரின்டர் கடகடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே மேனேஜர் கண்ணுச்சாமி வந்த மெயிலை எல்லாம் அச்சடிக்கவிட்டு, முழங்கால் உயரப் பேப்பர் குவியலுக்கு நடுவில் நின்றார். விருமாண்டி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. பெல்ஜியத்துக்கார யான்சென் உசுருக்கே மோசம் போலருக்கு."

யான்சென் நாலு வருஷமாக இவர்களிடம் கல் வாங்குகிறவர். கண்ணுச்சாமி ஒரு தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார்.

"நான் மலையில் இருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி வரை என்னைத் தொடர்புகொள்ள முடியாது. இது அவரு. நீங்கள் பொங்கல் சாப்பிட்டீர்களா? இது நாம. நான் மலையில் இருக்கிறேன். பொங்கல் சாப்பிட்டீர்களா? மலையில் இருக்கிறேன். சாப்பிட்டீர்களா? இப்படியே பதினோராயிரம் மெயிலு வந்து கெடக்கும்மா."

"ஒரு மனுசன் மலையில மாட்டிக்கிட்டுக் கெடந்து கதறுறான்," என்றார் விருமாண்டி. "நாம அவன் கிட்டப் பொங்கல் தின்னியா, பொங்கல் தின்னியான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கோம். நேத்துக் காலையோட சத்தத்தையே காணோம். டெல்லியில நம்ம மாப்ள ஒருத்தன் ஆபீசரா இருக்கான். ஹெலிகாப்டருக்கு எதுனா வழி இருக்கான்னு கேக்கச் சொல்லியிருக்கேன்."

தேவிகாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடியே தான் பூஜ்யம் போட்டது ஞாபகம் வந்தது. பிரின்டரை அணைத்துவிட்டு, குவியலில் முதலில் வந்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள்.

"சார், அவர் வருஷா வருஷம் மாதிரி பனியில சறுக்கி விளையாடப் போயிருக்கார். போறப்போ நம்மள மாதிரியே மெசின்ல ஒரு பதில் வெச்சிட்டுப் போயிருக்கார். கெளம்புறதுக்கு முன்னாடி நமக்கு ஒரு மெயில் போட்டிருக்கார். அதுக்கு நம்ம மெசின் பதில் போட்டுச்சு. அந்தப் பதிலுக்கு அவரு மெசின் பதில் போட்டுச்சு. அதுக்கு மறுபடி நம்மது."

"ரெண்டு பக்கமும் மனுசனே இல்லையா?"

"இல்ல சார்."

"நாலு நாளாவா?"

"நிமிஷத்துக்கு ரெண்டு வீதம்."

விருமாண்டி சர்வரை ஒரு முறை முறைத்தார். பிறகு போனை எடுத்து, "மாப்ள, ஹெலிகாப்டர் வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு யான்செனே கூப்பிட்டார். போனை எடுத்தது தேவிகா. மலையிலிருந்து திரும்பி வந்தால், அவர்கள் பக்கத்து மெயில் பெட்டி நிரம்பி, ஞாயிறு காலையிலிருந்து மொத்த ஆபீசுக்கும் மெயில் நின்றுபோயிருந்ததாம். அவர்களுடைய கம்ப்யூட்டர் ஆள் க்ரீத் என்கிற பெண். மகளின் பிறந்தநாள் விருந்தை விட்டு ஓடிவந்து சாயங்காலம்வரை போராடினாளாம்.

"அவள்தான் எதையோ தப்பாக வைத்துவிட்டாள்," என்றார் யான்சென். "உங்களுக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டோம். மன்னிக்கவேண்டும். அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போகிறேன்."

விருமாண்டி எதிரில் நின்று கையை ஆட்டினார். லைன் கோளாறு என்று சொல்லிவிடு என்று சைகை. அதுகூடத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும், பழி தானாகப் பெல்ஜியத்திலேயே தங்கிவிடும். தேவிகா ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தாள். விருந்தை விட்டு ஓடிவந்து திரைமுன் உட்கார்ந்திருந்த, முகம் தெரியாத ஒருத்தி கண்ணில் வந்து நின்றாள்.

"சார், க்ரீத் மேல தப்பில்லை," என்றாள் ஆங்கிலத்தில். "இந்த மாதிரி ஆகாமல் இருக்க எங்கள் சர்வரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை நான்தான் எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன்."

விருமாண்டி போனைப் பிடுங்கினார். திட்டப்போகிறார் என்று தேவிகா ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"மிஸ்டர் யான்சென்! ஐ டெல், ஷி டூ. ஷி டெல் நோ நோ. ஐ டெல் எஸ் எஸ். மிஸ்டேக் மைன்!"

போனிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது, பக்கத்தில் நின்ற கண்ணுச்சாமிக்கே கேட்கிற அளவுக்கு. நாலு வருஷமாக இந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டால் பதிலுக்குப் பத்து நாள் காத்திருப்பேன், இந்தத் தடவைதான் நீங்கள் வட்டியோடு தந்திருக்கிறீர்கள் என்றார் யான்சென். விருமாண்டிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவரும் கூடச் சிரித்தார்.

சாயங்காலம் க்ரீத்திடமிருந்து தேவிகாவின் பெயருக்கே ஒரு மெயில் வந்தது. மெசின் போடும் பதிலுக்கு மெசின் பதில் போடாமல் தடுப்பது எப்படி என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். கடைசியில், "என் முதலாளியும் உங்கள் முதலாளி மாதிரிதான்" என்று ஒரு வரி. தேவிகா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு அவள் சொன்னபடியே ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாள்.

விருமாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார்.

"தாயி, யான்செனுக்கு முறையா ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதணும்."

"இப்பவே மெயில் போட்டுடவா சார்?"

"வேணவே வேணாம்! அத அவன் மெசினு வாங்கிக்கிடும். கண்ணுச்சாமி, ஒரு நல்ல கவரா எடுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன், ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க."