தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து டீ

ஸ்வர்ணலதாவுக்கும் கமலக்கண்ணனுக்கும் சண்டை போடக் காரணம் கிடைக்காத நாளே கிடையாது. அன்றைக்கு டீ கிடைத்தது.

சிங்கப்பூரில் புடவைக் கடை வைத்திருக்கும் கோபிநாத், அடுத்த வாரம் சரக்கெடுக்க ஆரணிக்கு வருவதாக மெயில் போட்டிருந்தார். தனக்குப் பால் டீ ஆகாது, சீன டீதான் பழக்கம், சிரமப்படாமல் வெந்நீர் கொடுத்தால் போதும் என்று கடைசியில் ஒரு வரி. நாற்பது பட்டுப்புடவை வாங்க வருகிற மனுஷனுக்கு வெந்நீரா கொடுப்பது? இரண்டாயிரத்து ஒன்பதில் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. ஸ்வர்ணலதா பி.காம். அதனால் மவுஸ் அவள் கையில், கிரெடிட் கார்டு அவன் கையில்.

சீன டீ விற்கும் மும்பைக் கம்பெனி ஒன்றின் பக்கத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, அந்த வருஷம் பறித்த கொழுந்து. மற்றது, தொண்ணூற்றொன்பதில் பறித்து வட்டமாக அழுத்திப் பத்து வருஷம் வைத்திருந்தது. படத்தில் வரட்டி மாதிரி இருந்தது. விலை மூன்று பங்கு.

"பழசையே போடு" என்றான் கமலக்கண்ணன்.

"பத்து வருசம் கெடந்தத எவன் குடிப்பான்? புதுசு வாங்கலாங்க."

"உனுக்கு இன்னா தெரியும்? புது அரிசிய வடிச்சா கொழஞ்சி பூடும், வயித்த கலக்கும். எங்க மாமா மில்லுல பழைய அரிசிக்குத்தான் விலையே. வெச்சிருக்க வெச்சிருக்கத்தான் மவுசு."

"பட்டுக்குமா?"

அவன் முகம் கறுத்தது. பட்டு அரிசியில்லை என்பது அவனுக்கும் தெரியும். மடித்தே கிடந்தால் மடிப்பில் நூல் இற்றுப்போகும். பீரோவின் கீழ்த்தட்டில் அப்படித்தான் நாற்பது புடவைகள், ஆறு வருஷமாக. ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கைவிரித்த சரக்கு. அதைத்தான் போன மாசம் நெய்தது என்று கோபிநாத்திடம் போனில் அளந்துவிட்டிருந்தான்.

மேல்தட்டில் எட்டுப் புடவைகள் இருந்தன. அவை நிஜமாகவே போன மாசம் தறியிலிருந்து இறங்கியவை. கரையில் ஓடுகிற புளியம்பூவை கிராஃப் தாளில் நான்கு மாசம் கட்டம் கட்டமாக வரைந்தவள் ஸ்வர்ணலதா. நெசவுக்காரர் மகள் அவள். கணவன் வீட்டில் அவள் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. இந்த எட்டையும் வெளியாள் ஒருவர் விரித்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பழசைத் தள்ளிவிட்டதும் உன்னுடையதைக் காட்டுகிறேன் என்று அவனும் வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பித்தான் பொய்க்கு வாயை மூடிக்கொண்டாள். டீயும் அவன் சொன்னதையே ஆர்டர் போட்டாள்.

கோபிநாத் வந்தார். அந்த வரட்டியில் ஒரு துண்டை உடைத்துக் கொதிநீரில் போட்டபோது, சேற்று நாற்றம் அடிக்க வேண்டும், இவன் மூக்குடைபட வேண்டும் என்று ஸ்வர்ணலதா மனசாரச் சபித்தாள். சாபம் பலிக்கவில்லை.

"அடடா!" என்றார் கோபிநாத், ஒரு வாய் குடித்துவிட்டு. "எங்க ஊர்லயே இதுக்கு அலையணும். யாரு பார்த்து வாங்குனது?"

"நான்தான் சார்" என்றான் கமலக்கண்ணன். "என் சம்சாரம் புதுசுதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுகினு இருந்தா. அதுக்கு இன்னா சார் தெரியும்!"

இருவரும் சிரித்தார்கள். ஸ்வர்ணலதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீ விஷயத்தில் அவன் சொன்னது சரியாகிவிட்டதே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாயில் பரப்பிய நாற்பதையும் கோபிநாத் மேலாகத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "வேற டிசைன் ஏதாவது இருக்கா?"

அவள் பீரோ பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதான் சார்" என்றான் கமலக்கண்ணன். அவளை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற வெறி மனுஷருக்கு வருவதுண்டு. அவளுக்கு வந்தது.

"டீக்குப் பத்து வயசு சார்" என்றாள். "அந்தப் புடவைங்களுக்கு ஆறு."

"ஏய்!" என்று கத்தினான் கமலக்கண்ணன். கோபிநாத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு புடவையை உதறி, மடிப்பின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தார். மடிப்போடு நீளமாகக் கிழிந்தது. இன்னொன்றையும் இழுத்தார். அதுவும் கிழிந்தது.

கோபிநாத் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

ஸ்வர்ணலதா ஓடிப்போய் மேல்தட்டிலிருந்த எட்டையும் அள்ளி வந்து அவர் எதிரில் நீட்டினாள். "சார், இது வேற சார். நானே வரைஞ்ச கரை. புத்தம் புதுசு, போன மாசம் நெய்ஞ்சது. ஒண்ணே ஒண்ணு விரிச்சிப் பாருங்க."

கோபிநாத் அவள் முகத்தைப் பார்த்தார். புடவைகளை அவர் தொடவில்லை.

"அவரும் போன மாசம்னுதாம்மா சொன்னாரு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

"இப்ப உனுக்கு குளுகுளுன்னு இருக்குதா?" என்றான் கமலக்கண்ணன்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எதிரில் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.