இந்தப் பொங்கலுக்குக் காளை வராது

'திமில் விளையாட்டின் புதிய பதிப்பு இந்தப் பொங்கலுக்கு வராது. அடுத்த பொங்கலுக்கு வரும். நன்றி.' இதை மாட்டுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத் திவ்யா போனைக் கவிழ்த்து வைத்தாள். இந்தச் சின்னச் செய்தியைத் தட்டுவதற்கு அவளுக்கு மூன்று பொங்கல் ஆகியிருந்தது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், ஒரு டூவீலர் மெக்கானிக் கடையின் மாடியில்தான் அவர்களுடைய கம்பெனி. கம்பெனி என்றால் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், திவ்யா, அவளோடு கல்லூரியில் படித்த விஜய்ஆனந்த். அவள் புரோகிராம் எழுதுவாள், அவன் படம் போடுவான். 'திமில்' என்பது போனில் ஆடும் ஜல்லிக்கட்டு. அதில் வரும் ஊர் நிஜம், மாடு நிஜம், மாட்டுக்காரர் பெயரும் நிஜம். ஆட்டத்தின் ருசியே அதுதான். வினையும் அதுதான்.

வெளிநாட்டுக்காரர்களும் போனில் ஆடும் கால்பந்து விளையாட்டை வருடா வருடம் விடுகிறார்கள். யார் எந்த அணிக்குப் போனான் என்று திருத்திவிட்டுப் பெயருக்குப் பின்னால் புது வருடத்தைப் போட்டால் அவர்கள் வேலை முடிந்தது. எந்தக் கால்பந்து வீரனும் 'எனக்கு ஏன் வேகம் குறைச்சுப் போட்ட?' என்று கேட்டுப் பஸ் ஏறி வருவதில்லை. இங்கே வருவார்கள். பேரையூர்ச் சின்னச்சாமி போன வருடம் தன் மாட்டின் கொம்பைக் குட்டையாக வரைந்துவிட்டார்கள் என்று மாடிப்படியில் உட்கார்ந்தார். கொம்பு நீளும்வரை எழுந்திருக்கவில்லை. நீண்ட பிறகும், "இன்னும் ஒரு விரக்கடை" என்றார்.

கொம்பு, நிறம், பெயர், வேகத்துக்குப் போடும் மார்க்கு என்று திருத்துவதிலேயே ஒவ்வொரு வருடமும் கழிந்தது. ஆட்டம் மட்டும் பழைய ஆட்டமாகவே இருந்தது. வாடிவாசல் திறந்ததும் 'திமில்' மாடு நேராக ஓடும். எல்லா மாடும் ஓடும். அதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. வாசலைத் தாண்டியதும் நின்று, ஆளை முறைத்து, சுற்றிச் சுற்றி விரட்டுகிற மாட்டுக்குத்தான் இந்தப் பக்கம் மரியாதை. ஓடிப்போகிற மாட்டை யாரும் மாடு என்றே சேர்த்துக்கொள்வதில்லை. தொழுவத்தில் காளை நிற்கும் வீட்டில் பிறந்தவள் திவ்யா. தன் பெயர் போட்டு இப்படி ஓட்டக்கார மாடுகளை வருடா வருடம் அவிழ்த்துவிடுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாட்டை நிற்கவைக்க ஒரு முழு வருடம் வேண்டும். கேட்கும்போதெல்லாம் விஜய்ஆனந்த், "இந்த ஒரு வருசம் மட்டும்" என்பான். அவளும் தலையாட்டிவிடுவாள். இந்த முறை ஆட்டுவதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

"திவ்யா, நீ கோவப்படக் கூடாது" என்றான் விஜய்ஆனந்த்.

"அப்ப கோவப்படுற மாதிரி ஏதோ பண்ணிருக்க."

"சோழவந்தான் பாண்டியம்மாக்காட்ட, இந்த வருசம் கேமைத் தொறந்தாலே உங்க செவலைக் காளைதான் மொதல்ல நிக்கும்னு போன வாரம் சொல்லிட்டேன்."

"சரி, யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. வராதுன்னு பேசிக்கிருவோம்."

அவன் போனை நீட்டினான். சோழவந்தான் கடைவீதியில் ஒரு மாடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். 'இந்தப் பொங்கலுக்கு உலகத்தின் அனைத்துக் கைபேசிகளிலும் களமிறங்கும் எங்கள் வீட்டுச் செவலையை வருக வருக என வரவேற்கிறோம்.' கீழே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூலிங்கிளாசில். பல் முளைக்காத ஒரு குழந்தை காதில் போனை வைத்துக்கொண்டு சிரித்தது. எல்லோருக்கும் மேலே, கல்லூரி அடையாள அட்டையில் இருந்த திவ்யாவின் முகம். பக்கத்தில் 'கைபேசிக் காளைகளின் தாயே!'

இந்த ஊரில் எந்த விசேஷமும் நடப்பதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் நடந்துவிடும். அதற்கு அப்புறம் விசேஷம் நடந்தே தீர வேண்டும். திவ்யாவுக்குக் கோபம்தான் வந்தது. அதே நேரத்தில் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

கீழே ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானை மினிலாரி நின்றது. அதன் முதுகில் மாலையும் சந்தனமுமாக, மாப்பிள்ளைக் கோலத்தில் செவலை.

"ஏத்தா திவ்யா! போட்டோப் புடிக்க நம்ம செவலையவே கூட்டியாந்துட்டேன்! எறங்கி வா!" பாண்டியம்மாளின் குரல் பூ மார்க்கெட்டு வரை கேட்டிருக்கும். மாட்டோடு வண்டியில் வந்தவள் வாட்ஸப்பை எங்கே பார்த்திருப்பாள்?

"இந்த ஒரு வருசம் மட்டும்…" என்று ஆரம்பித்தான் விஜய்ஆனந்த்.

"வாயத் தொறந்த, உன்னய அந்த வண்டில ஏத்தி விட்டுருவேன்" என்றாள் திவ்யா. அவன் ஓர் அடி பின்வாங்கினான். வரைவது முழுக்கக் காளையாக இருந்தாலும், பால்மாட்டைக் கண்டால்கூட எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவன் அவன்.

கிட்டப் போவதற்குள் மனம் மாறிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அதனால் கடைசிப் படியிலிருந்தே சொல்லிவிட்டாள். "அக்கா, இந்த வருசம் கேம் வராது."

"மாடே வந்துருச்சு, கேமு வராதா?"

"அடுத்த பொங்கலுக்குத்தான்க்கா."

"ஃப்ளெக்ஸு வச்சாச்சு தாயி!" பந்தியில் இலை போட்டாயிற்று என்பதுபோலச் சொன்னாள் பாண்டியம்மாள். "என் நாத்துனா வீட்டுல இப்பவே எம்புட்டு வயித்தெரிச்சல் தெரியுமா? இப்பப் போயி இல்லைன்னா சிரிக்க மாட்டாளுகளா?"

வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்த பாண்டியம்மாளின் தம்பி சோணைமுத்து, இந்தச் சண்டையை வாய் பிளந்து கேட்டதில் கையிலிருந்த கயிற்றை மறந்துவிட்டான். செவலை மறக்கவில்லை. தானே இறங்கியது. சந்தில் நின்ற ஒரு டிவிஎஸ்ஸின் மேல் இருந்த செண்டுப்பூ மூட்டைக்குள் முகத்தை நுழைத்தது.

சந்து காலியானது. கடைக்குள் பைக்கைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். பின்னாலேயே இறங்கி வந்த விஜய்ஆனந்த் சந்தில் நின்ற ஆட்டோவின் மேல் எப்படி ஏறினான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

செவலை ஓடவில்லை. வாயெல்லாம் மஞ்சள் பூவோடு நட்டநடுச் சந்தில் நின்றது. சோணைமுத்து கயிற்றைப் பிடிக்கப் பக்கவாட்டில் போனான். அது சுழன்றது. எத்தனையோ வீடியோ பார்த்தும் திவ்யாவுக்குப் பிடிபடாதது கண் முன்னால் நடந்தது. மாடு திரும்பும்போது முதலில் தலைதான் திரும்பும் என்று அவள் புரோகிராமில் எழுதிவைத்திருந்தாள். தலை ஆளை விட்டு அசையவே இல்லை. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, பின்பக்கம்தான் வீசித் திரும்பியது.

"பின்னாங்காலு! விஜய், பின்னாங்காலுதான் மொதல்ல! வீடியோ எடுடா!"

"நான் உசுரக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்!"

"காப்பாத்திக்கிட்டே எடு! சோணைமுத்தண்ணே, இன்னொரு தடவ கிட்டப் போங்க!"

"ஏம்மா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" என்றாலும் அவன் போனான். செவலை மறுபடி சுழன்றது. திவ்யா படியில் நின்றபடியே குதித்தாள், கை தட்டினாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். இவ்வளவு சந்தோஷம் இந்தத் தொழிலில் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பாண்டியம்மாள் நாக்கைச் சொடுக்கி, "போதும், வாடா" என்றாள். செவலை கன்றுக்குட்டிபோல வந்து அவள் தோளில் பூவைத் துப்பியது.

திவ்யா தன் போனை எடுத்துப் போன வருட ஆட்டத்தைத் திறந்தாள். "இதப் பாருங்கக்கா." வாசல் திறந்தது. ஒரு மாடு நேராக ஓடி மறைந்தது. அடுத்த மாடும் ஓடியது. அதற்கு அடுத்ததும்.

"எல்லாம் ஓடுதே?"

"ஓட மட்டுந்தான் தெரியும். இந்த வருசம் விட்டா உங்க செவலையும் ஓடும். அடுத்த வருசம் விட்டா நிக்கும்."

பாண்டியம்மாள் போனையும் செவலையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் கறுத்தது. "என் செவலை ஓடுமா? உலகத்துல அம்புட்டுப் போனுலயும் ஓடுமா?"

"ஓடும்க்கா."

"வேணாந்தாயி! வேணவே வேணாம். என் நாத்துனா சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவா. ஒரு வருசம் என்ன, நிக்கவச்சுட்டே விடு." கொஞ்சம் யோசித்தாள். "ஃப்ளெக்ஸு?"

"ஸ்டிக்கர் ஒட்டிரலாம்க்கா!" என்று ஆட்டோ மேலிருந்து குரல் வந்தது.

அந்த வாரமே சோழவந்தானில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. 'இந்தப் பொங்கலுக்கு ஓடிப்போகாமல், அடுத்த பொங்கலுக்கு நின்று விளையாட வரும் எங்கள் செவலை.' நாத்தனார் வீட்டில் விடுவார்களா? தங்கள் மாடும் இந்தப் பொங்கலுக்கு வராது என்று அவர்களும் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதற்கப்புறம் மற்ற மாட்டுக்காரர்களிடமிருந்து வரிசையாகப் போன் வந்தது. கடைசியாகச் சின்னச்சாமி கூப்பிட்டார்.

"ஏத்தா, இந்த வருசம் கேமுல வராத மாடுகள்ல நம்ம மாடும் உண்டுல்ல?"

"உண்டுண்ணே. உங்க மாடும் வரல."

"அது போதும், ஃப்ளெக்ஸு அடிச்சிருவோம். கொம்பு மட்டும் பாத்துக்க."

அவர் போனை வைத்ததும் திவ்யா கம்ப்யூட்டரில் புதிதாக எழுதிப் பார்த்த ஆட்டத்தின் வாசலைத் திறந்துவிட்டாள். செவலை வெளியே வந்தது. ஓடவில்லை. முன்னங்காலை ஊன்றியது, தலையை அசைக்காமல் பின்பக்கத்தை வீசித் திரும்பியது, நேராகத் திரைக்கு வெளியே பார்த்தது. விஜய்ஆனந்த் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான்.